நாற்பத்தேழாம் மனை

வரைபடத்தில் இந்தத் தெருவைப்
பதினெட்டுப் பாகை திருப்பியது நான்தான்.
திருப்பினால் ஒன்பது மனை கூடுதலாக விழும் என்றார் டெரன்ஸ்.
விழுந்தன.
அன்று மதியம் அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

ஆறு வருடம் கழித்து
அந்த ஒன்பதில் ஒன்றுக்குத் தவணை கட்டுகிறேன்.
சிட்னியின் மேற்கு விளிம்பு.
எல்லாக் கூரையும் கரி நிறம், அதுதான் அந்த வருடத்து நாகரிகம்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒருக்களித்துப் போனால் குப்பைத்தொட்டியை இழுத்து வரலாம்.
அங்கே ஏசியின் வெளிப்பெட்டிகள் எதிரெதிராக நின்று
ஒன்று விட்ட மூச்சை ஒன்று வாங்கி ஊதுகின்றன.

ஜனவரி. பிற்பகல் மூன்று மணி.
பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் யாருமில்லை.
வெளியே, மின்கம்பத்தின் நிழலில்,
ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர்.
முன்னால் லேலானி, மருத்துவமனைச் சீருடையில்.
பின்னால் பள்ளிப் பையன்கள் இருவர்,
விளம்பரத் தாளைத் தலைக்குப் பிடித்த ஒருவர்,
கடைசியில் நான்.
நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது.
இப்படி நில்லுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
கூண்டை மேற்குப் பார்க்க வைத்ததும்
நானாகத்தான் இருக்கவேண்டும். நினைவில்லை.
திரையில் அது ஒரு சின்ன நீலச் சதுரம்.

வெப்பமானி ஒன்று வாங்கினேன், கைக்குள் அடங்குவது.
தார்ச்சாலை: அறுபத்து மூன்று.
எதிர்வீட்டுச் செயற்கைப் புல்: எழுபத்தொன்று.
அதன்மேல் ஒரு நாய்க்குட்டி கால் மாற்றி மாற்றி நின்றது.
ரயில் பாதைக்கு அந்தப்புறம், பழைய தெருவில்,
இரண்டு வரிசை மரம் நடுவில் கைகோத்திருக்கிறது.
அதே தார்: முப்பத்தாறு.
ஒருவர் வெறுங்காலோடு தபால் எடுக்க வந்தார்.
அவர் பாதங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மேற்கிலிருந்து வீசுவதற்குக் கோடை என்று பெயர் வைத்தவர்கள்
இந்த ஊரைப் பார்த்ததில்லை,
ஆனால் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.
கிழக்கின் கொண்டல் கடற்கரைக்காரர்களோடு தீர்ந்துவிடும்,
நாற்பது கிலோமீட்டர் உள்ளே வர அதற்குத் தெம்பில்லை.
தென்றல்தான் பொருந்தவில்லை.
இங்கே தென்காற்று முரடு.
மாலை ஏழு மணிவாக்கில்
குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டு வரும்,
அரைமணியில் பதினைந்து டிகிரியைப் பறித்துப் போடும்.
பழைய தெருவில் கதவுகள் அறைவது எங்களுக்குக் கேட்கும்.
எங்கள் தெருவில் அது கூரைக்கு மேலேயே போய்விடும்.
குறுக்கே சுவர், அடுத்து சுவர்,
நான் திருப்பிய பதினெட்டுப் பாகை.

ஒரே ஓர் இடைவெளி, நாற்பத்தேழாம் மனை.
வாங்கியவருக்குக் கடன் கிடைக்கவில்லை.
முட்செடியும் சக்கரமில்லாத ஒரு தள்ளுவண்டியும்.
அதன் வழியே தெற்கு உள்ளே வந்தது.
முதலில் லேலானி மடக்கு நாற்காலியோடு போனாள்.
பிறகு ஹர்லீன், கைக்குழந்தை, பாதித் தர்பூசணி.
ஏழாம் எண் வீட்டுக்காரர் தினமும் வந்தார்,
கடைசிவரை பெயர் சொல்லவில்லை.
ஒரு நாள் காற்று வருமுன்பே போய் உட்கார்ந்திருந்தோம்,
பதினோரு பேர், வாயைத் திறக்காமல்,
ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப்போலத் தெற்கைப் பார்த்து.
மார்ச்சில் பலகை நட்டார்கள்: விற்பனையானது.

திங்கட்கிழமை நான்காம் கட்டம் என் திரைக்கு வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு மனை.
தெற்கிலிருந்து வடக்காக
ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு கீறல் விட்டேன்.
இதில் என்ன ஓடுகிறது என்றார் டெரன்ஸ்.
தண்ணீருக்கு ஒரு நிறக் கோடு இருக்கிறது அந்த மென்பொருளில்,
எரிவாயுவுக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று.
மழைநீர் என்றேன்.
எத்தனை மனை போகும்?
மூன்று.
நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் வீடு கடற்கரைப் பக்கம்.
இடத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார்.

அனுப்பட்டும்.
ஏழு மணிக்குமேல் வரச் சொல்லவேண்டும்.